ஸ்வான் லேக் 32 சுத்து: பியரீனா லென்யானி வெறும் வித்தைக்காரியா?

சுழலி:

ஸ்வான் லேக் இழையில பேச்சு எங்கயோ போயிடுச்சு, அதனால இதைத் தனியா ஆரம்பிக்கிறேன். சாய்கோவ்ஸ்கியோட அந்த பாலேல, மூணாவது ஆக்ட்ல, அன்னப்பறவையா மாறின நாயகி ஒடெட் மாதிரியே வந்து இளவரசனை ஏமாத்துற ஒடீல் சுத்துற 32 ஃபுவெத்தே (ஒத்தைக் கால்ல நின்னு விடாம சுத்தறது) பத்தி அங்க ஒருத்தர் "அது டான்ஸே இல்ல, ஜிம்னாஸ்டிக்ஸ், அதை ரஷ்யாவுக்குக் கொண்டுபோன இத்தாலிக்காரிக்கு அதை விட்டா வேற தெரியாது"ன்னு ஒரே வரியில கதையை முடிச்சுட்டுப் போயிட்டார். எனக்கு மனசு ஆறல.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. அந்த இத்தாலிக்காரி பியரீனா லென்யானி, 1863ல மிலான்ல பொறந்தவங்க. லா ஸ்காலா தியேட்டரோட ஸ்கூல்ல கத்தரீனா பெரெட்டாகிட்ட படிச்சவங்க. 1888ல இருந்து லண்டன்ல அல்ஹாம்ப்ரான்னு ஒரு தியேட்டர்ல சீசன் சீசனா ஆடுனாங்க, இந்த அல்ஹாம்ப்ரா ஏதோ ராஜகம்பீரமான ஓபரா ஹவுஸ்னு நினைச்சுக்காதீங்க, லெஸ்டர் ஸ்கொயர்ல இருந்த மியூசிக் ஹால் அது, ஒரு பக்கம் காமெடி, ஒரு பக்கம் வித்தை, நடுவுல பாலே, பாக்க வந்தவன் கையில கிளாஸோட உக்காந்திருப்பான். அந்தக் கூட்டத்தை வாய மூட வைக்கணும்னா கால்ல சரக்கு இருக்கணும். 1892ல அங்க அலாதீன் பாலேல இந்தத் தொடர் சுத்தலை ஆடிக் காட்டுனாங்க. அடுத்த வருஷம் டிசம்பர்ல ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்ல, சார் மன்னரோட மரீன்ஸ்கி தியேட்டர் மேடையில சிண்ட்ரெல்லா பாலே, கடைசி ஆக்ட்ல 32 சுத்து. கூட்டம் விடல, ஒன்ஸ்மோர் கேட்டுது, உடனே திரும்பி நின்னு 28 சுத்துனாங்க. மூச்சு வாங்க ஆடி முடிச்சவங்க உடனே இன்னொரு 28! அதுக்கப்புறம் 1901 வரைக்கும் அந்த மேடையில அவங்க ராஜ்ஜியம்தான்.

இந்த எட்டு வருஷத்துல அவங்க என்ன செஞ்சாங்கன்னு யாரும் பேசறதில்ல, 32ன்னு ஒரு நம்பரோட நிறுத்திக்கிறாங்க. அதைத்தான் இங்க பேசலாம்னு.

நாடகப்பித்தன்:

அந்த "ஒருத்தர்" அடியேன்தான். சொன்னதுல இருந்து ஒரு அடி பின்வாங்க மாட்டேன்.

இதை நான் மட்டும் சொல்லல. பின்னாடி பெரிய பாலரீனாவான தமாரா கர்சாவினா அப்போ பீட்டர்ஸ்பர்க் பாலே ஸ்கூல்ல படிச்சுக்கிட்டிருந்த பொண்ணு, லென்யானியை நேர்ல பாத்தவங்க. பின்னாடி நினைவுகள் எழுதும்போது அவங்களே ஒத்துக்கிறாங்க, அதுல சர்க்கஸ் வாடை அடிச்சுதுன்னு. எப்படின்னா இந்தம்மா நேரா மேடை நடுவுக்கு நடந்து வருவாங்களாம், எல்லாருக்கும் தெரியுற மாதிரி காலை வச்சு தயாராவாங்களாம், கண்டக்டர் குச்சியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு காத்திருப்பாராம், ஹால் முழுக்க சத்தம் நின்னுடுமாம், அப்புறம்தான் சுத்தல். கதை எங்க போச்சு? இளவரசன் எங்க போனான்? அந்த நிமிஷத்துல சிண்ட்ரெல்லாவும் இல்ல ஒடீலும் இல்ல, வித்தை காட்டுற ஆளும் அதை எண்ணுற கூட்டமும்தான் இருக்கு.

பாலேன்னா எனக்கு ஸ்வான் லேக்கோட ரெண்டாவது ஆக்ட். ஏரிக்கரை. டான்ஸ் அமைச்சவர் இவானோவ். ஒரு சுத்தல் வித்தை கிடையாது, ஒடெட் மெதுவா கை மடக்குறதும் சாயுறதும்தான், தனி வயலின் ஒண்ணு போகும், தொண்டை அடைச்சுக்கும். அதுக்கும் இந்த இத்தாலி ஃபேக்டரி சரக்குக்கும் என்னங்க சம்பந்தம்?

தூரதேசி:

நாடகப்பித்தன் சார், சம்பந்தம் இருக்கே. அந்த ரெண்டாவது ஆக்டை இவானோவ் யாரை வச்சு அமைச்சார்?

ஸ்வான் லேக் முதல்ல மாஸ்கோல 1877ல வந்துது, பெருசா எடுபடல. சாய்கோவ்ஸ்கி 1893ல செத்துப்போனார். 1894 தொடக்கத்துல மரீன்ஸ்கில அவருக்கு நினைவு நிகழ்ச்சி ஒண்ணு நடந்துது, அதுக்காக லெவ் இவானோவ் ஏரிக்கரை ஆக்டை மட்டும் புதுசா அமைச்சார். அன்னிக்கு ஒடெட்டா ஆடுனது லென்யானி. நீங்க சொல்ற கை மடக்கல், சாயல், இளவரசன் தோள்ல தலை வைக்கிறது எல்லாம் முதல்ல அந்த "ஃபேக்டரி சரக்கு" உடம்புலதான் வந்துது. சிண்ட்ரெல்லால 32 சுத்தி ரெண்டு மூணு மாசம்தான் ஆகியிருக்கும். ஊரே சுத்தலுக்குக் கைதட்டிக்கிட்டு இருக்கும்போது அவங்ககிட்ட சுத்தலே இல்லாத ஒரு வேஷத்தைக் குடுத்திருக்கார் இவானோவ், அவங்களும் ஆடியிருக்காங்க. அது நல்லா அமைஞ்சதாலதான் முழு பாலேயும் 1895 ஜனவரியில மரீன்ஸ்கியோட தலைமை டான்ஸ் அமைப்பாளர் பெத்திபாவும் இவானோவும் சேந்து மேடையேத்துனாங்க, ரெண்டு வேஷமும் லென்யானிக்கே.

ஒரே பொம்பளை, ஒரே ராத்திரி, ஒரு ஆக்ட்ல கூனிக்குறுகி பயந்த பறவை, அடுத்த ஆக்ட்ல கண்ணைப் பாத்து ஏமாத்துற ஒடீல். இன்னிக்கு ஒவ்வொரு பாலே கம்பெனியும் ஒரு பொண்ணை "முழு பாலரீனா"ன்னு ஒத்துக்கிறதுக்கு இந்த ரெட்டை வேஷத்தைத்தான் பரீட்சையா வைக்குது.

இன்னும் ரெண்டு விஷயம். ஒடீல் சுத்துற அந்த மியூசிக் ஒடீலுக்காக எழுதுனதே இல்ல. 1877ல முதல் ஆக்ட்ல இருந்த ஒரு ஜோடி ஆட்டத்தைத் தூக்கி 1895ல மூணாவது ஆக்ட்ல போட்டாங்க, ரிக்கார்டோ ட்ரிகோ (இவரும் இத்தாலிக்காரர்தான், மரீன்ஸ்கி கண்டக்டர்) அங்கங்க தட்டிக்கொட்டி சரிபண்ணார். அப்புறம் இளவரசன் பாவெல் கெர்ட், அப்போ அவருக்கு வயசு ஐம்பது. தூக்கறதுக்கும் தாங்கறதுக்கும் அவரால முழுசா முடியாதுன்னு நண்பன் பென்னோ பாத்திரத்தையும் கூட நிக்க வச்சுதான் ஏரிக்கரை ஜோடி ஆட்டமே ஓடுச்சு. காதல் காட்சியில மூணாவது ஆள் ஏன் நிக்கிறான்னு பழைய அமைப்பைப் பாக்குறவங்க குழம்புறது இதனாலதான்.

பின்வரிசை:

காதல் காட்சியில மூணாவது ஆள் 😂 அய்யோ பாவம் பென்னோ. இளவரசன் டயலாக் பேசுவார், வெயிட் தூக்குறது இவன்.

எனக்கு ஒரு சந்தேகம், பம்பரம் மாதிரி 32 சுத்து சுத்துனா தலை கிறுகிறுக்காதா? நான் ஆபீஸ் ரோலிங் சேர்ல ரெண்டு சுத்து சுத்துனாலே மானிட்டர் ரெண்டாத் தெரியுது.

மணியோசை:

பின்வரிசை, நல்ல கேள்வி. வருஷக்கணக்கா பாலே கிளாஸ் போனவங்கிற முறையில சொல்றேன்.

தலை உடம்போட சேந்து சுத்தாது, அதுதான் விஷயம். எதிர்ல ஒரு எடத்துல கண்ணை வச்சுக்கணும், உடம்பு திரும்பத் திரும்ப முகம் அங்கேயே நிக்கும், இனிமே கழுத்து தாங்காதுங்கிற நேரத்துல தலையைப் பட்டுன்னு திருப்பி உடம்புக்கு முன்னாடியே பழைய எடத்துக்கு வந்துடணும். வெளியில இருந்து பாத்தா ஆடுறவங்க முகம் எப்பவும் நம்மளையே பாக்குற மாதிரி இருக்கும். மிலான்ல இந்தப் பயிற்சி ரொம்பக் கறாரு.

அப்புறம் ஃபுவெத்தேங்கறது ஒரே தடவை உந்தி 32 தடவை சுத்தறது இல்ல. ஒவ்வொரு சுத்துக்கும் நிக்கிற காலோட முட்டி மடங்கி, குதிகால் தரையைத் தொட்டு, மறுபடி விரல் நுனிக்கு ஏறணும். மத்த காலை நேரா நீட்டி வீசி, முட்டிகிட்ட மடக்கி இழுக்கணும், அந்த வீச்சுதான் சுத்தலுக்குப் பெட்ரோல். ஆக 32 தடவை ஒரே கால்ல உக்காந்து எந்திரிக்கிறீங்க, அதுவும் நின்ன எடத்தை விட்டு நகராம. பதினெட்டு இருபதுக்கு மேல கெண்டைக்கால் எரியும், நிக்கிற கால் மெல்ல மேடை முன்பக்கமா நகர ஆரம்பிக்கும். இன்னிக்குக்கூட பெரிய பெரிய ஆளுங்க ஆடும்போதே பாருங்க, ஆரம்பிச்ச எடத்துல முடிக்கிறவங்க கம்மி. லென்யானி எடத்தை விட்டு அசையறதில்லைங்கறதுதான் அப்போ பாத்தவங்களுக்கு ஆச்சரியம்.

ஷூவையும் சொல்லணும். லென்யானிக்கு ஐம்பது அறுபது வருஷம் முன்னாடி, மாரி தாலியோனிங்கற பேர்போன பாலரீனா காலத்துல நுனியில நூல் தைச்ச மெல்லிசு சாட்டின் செருப்புதான், அதுல விரல் நுனியில ஒரு நொடி நின்னு இறங்கலாம், அவ்வளவுதான். மிலான்ல ஷூ தைக்கிறவங்க நுனியைக் கெட்டியாக்கி, தட்டையாக்கி, அடித்தோலையும் விறைப்பாக்குனாங்க. அதுல நின்னாதான் இந்த மாதிரி தொடர் சுத்தலே முடியும். பின்னாடி அன்னா பாவ்லோவாவே மிலான்ல ரோமேயோ நிக்கொலினி கடை ஷூதான் போட்டுக்கிட்டாங்க.

லென்யானி பாக்க உயரமோ ஒல்லியோ கிடையாது, குட்டையா கட்டுமஸ்தா இருப்பாங்க. போட்டோல தொடையும் கெண்டைக்காலும் பாத்தா மரம் மாதிரின்னு நம்ம ஊர் ஆன்ட்டிங்க சொல்லிடுவாங்க. இந்த வேலைக்கு அந்த உடம்புதான் சரி.

வல்லையூரான்:

வணக்கம் எல்லாருக்கும். நான் கனநாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருக்கிறன், இண்டைக்குத்தான் எழுதுறன். எனக்கு ஒண்டு விளங்கேல்ல. ரஷ்ய சார் மன்னருக்கெண்டு சொந்தமா பெரிய பள்ளிக்கூடம் இருந்தது, சம்பளத்துக்கு நூற்றுக்கணக்கில ஆடுற ஆக்கள் இருந்தவை. பிறகு ஏன் இத்தாலியில இருந்து ஆக்களைக் கூப்பிட்டவை? இத்தாலிக்காரர் தங்கட ஊரில ஆடாமல் ஏன் அவ்வளவு குளிருக்குள்ள போனவை?

தூரதேசி:

வல்லையூரான் அண்ணா, வாங்க. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

ரஷ்யாவுல 1882 வரைக்கும் தலைநகரங்கள்ல தியேட்டர் நடத்துற உரிமை அரசாங்கத்துக்கு மட்டும்தான். அந்தத் தடை போனதும் பீட்டர்ஸ்பர்க் ஓரத்துல கோடைக்காலப் பொழுதுபோக்குத் தோட்டங்கள்ல தனியார் கம்பெனிங்க கடை விரிச்சாங்க, வெளிநாட்டு ஆட்களை இறக்குனாங்க. 1885ல அப்படி ஒரு தோட்டத்துல ஆட வந்தவங்கதான் வெர்ஜீனியா சூக்கி. ஊரே அங்க ஓடிச்சு. அரண்மனை பாலேல ஹால் காலியா கிடக்க, தோட்டத்துல டிக்கெட் கிடைக்கல. அதே வருஷக் கடைசியிலேயே அரண்மனைத் தியேட்டர்காரங்க சூக்கியைக் கூப்பிட்டு ஃபாரோவின் மகள்ங்கற பாலேவை ஆட வச்சாங்க. அப்புறம் வரிசை கட்டி வந்தாங்க. எம்மா பெஸோனே, கர்லோட்டா பிரியான்ஸா, அந்தோனியெத்தா டெல் எரா. ஆம்பளைங்கள்ல என்ரிகோ செக்கெட்டி. ஃபுவெத்தே தொடரை பீட்டர்ஸ்பர்க்ல லென்யானிக்கு முன்னாடியே பெஸோனே கொஞ்சம் காட்டியாச்சு, 32ன்னு அடிச்சு நிறுத்துனது லென்யானி.

சாய்கோவ்ஸ்கியோட மூணு பாலேயும் எடுத்துக்கோங்க. 1890ல ஸ்லீப்பிங் பியூட்டி, அதோட நாயகி அரோராவா முதல்ல ஆடுனது பிரியான்ஸா. 1892ல நட்கிராக்கர், முதல் சுகர் பிளம் தேவதை டெல் எரா. 1895 ஸ்வான் லேக், லென்யானி. ரஷ்ய பாலேன்னு உலகம் தலையில வச்சுக் கொண்டாடுற மூணுலயும் நடுவுல நின்னது மிலான் ஸ்கூல் பொண்ணுங்க. ஸ்லீப்பிங் பியூட்டில நீலப்பறவையா பறந்தவரும் கெட்ட தேவதை கரபோஸா நடிச்சவரும் ஒரே ஆள், செக்கெட்டி.

சொந்த ஊரை ஏன் விட்டாங்கன்னா, அங்க ஸ்கூல் பிரமாதம், வேலை அப்படி இல்ல. லா ஸ்காலா ஸ்கூல் 1813ல ஆரம்பிச்சது, நடுவுல கார்லோ பிளாசிஸ் வந்து பாடத்திட்டத்தையே கட்டி நிறுத்துனார். ஆனா 1880கள்ல மேடையில ஓடுனது மன்சோத்தியோட எக்செல்சியர் மாதிரி பிரம்மாண்டம். 1881ல வந்துது, கதை என்ன தெரியுமா, விஞ்ஞான முன்னேற்றம் இருட்டை ஜெயிக்கிறது. மின்சாரம், தந்தி, சூயஸ் கால்வாய், மலையைக் குடைஞ்ச ரயில் சுரங்கம், எல்லாம் டான்ஸா. நூத்துக்கணக்கான பேர் வரிசையில நின்னு கை தூக்கிக் கால் தூக்கி, நடுவுல நாயகி வந்து கஷ்டமான வித்தையைக் காட்டிட்டுப் போகணும். கால் இருக்கு, கதை இல்ல. லண்டன், பாரிஸ், பீட்டர்ஸ்பர்க் மூணும் நல்லா காசு குடுத்துது, கிளம்பிட்டாங்க.

நாடகப்பித்தன்:

நீங்க சொல்றதே என் கட்சிக்குத்தானே சாதகம்? "கால் இருக்கு, கதை இல்ல". அதைத்தானய்யா நான் மொதல்ல இருந்து கத்திக்கிட்டிருக்கேன்.

ரெண்டாவது ஆக்ட் விஷயம் சரி, அவங்களை வச்சு அமைச்சிருக்கலாம். மண்ணு எதுவா இருந்தா என்ன, சிலை செஞ்சவர் இவானோவ்.

சுழலி:

மண்ணுன்னு சொல்றது எனக்குக் கோபம் வருது சார், நேராவே சொல்லிடறேன். பாலேல அமைக்கிறவர் நோட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போறதில்ல. எதிர்ல நிக்கிற உடம்பு என்ன தாங்கும், எங்க சாயும், எவ்வளவு நேரம் ஒத்தைக் கால்ல நிக்கும்னு பாத்துப் பாத்துதான் அசைவே பொறக்குது. ஒடெட் அவ்வளவு மெதுவா ஆட முடியறதுக்குக் காரணமே அந்தக் கெண்டைக்கால்தான். வேகமா சுத்தறதைவிட மெதுவா சாயறது கஷ்டம், மணியோசையைக் கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, வந்தப்ப இருந்த லென்யானி வேற, போறப்ப இருந்த லென்யானி வேற. வந்தப்ப கை கொஞ்சம் முரட்டுத்தனம்னு ரஷ்ய விமர்சகர்கள் சொன்னாங்க. அங்கேயே இருந்து, பெத்திபாகிட்ட வேலை செஞ்சு, ரஷ்யக்காரங்களோட மிருதுவை வாங்கிக்கிட்டாங்க. ரஷ்யப் பொண்ணுங்க இவங்ககிட்ட இருந்து காலை வாங்கிக்கிட்டாங்க. கர்சாவினாவை நீங்க பாதியில நிறுத்திட்டீங்க, சர்க்கஸ் வாடைன்னு சொன்ன அதே அம்மா அடுத்தாப்ல அதுல ஒரு வீரம் இருந்துது, விமர்சனம் பண்ண வாயே வரலன்னும் சொல்றாங்க. ஸ்கூல் பசங்க, பொண்ணுங்க எல்லாம் கிளாஸ்லயும் தூங்குற ரூம்லயும் அதைச் சுத்திப் பாத்து விழுந்து எந்திரிச்சாங்களாம். பின்னாடி கர்சாவினாவே மிலான் போய் பெரெட்டாகிட்ட படிச்சுட்டு வந்தாங்க.

மணியோசை:

மெதுவா சாயறதுதான் கஷ்டம், சத்தியமா. சுத்தும்போது வேகம் நம்மளைக் காப்பாத்தும். மெதுவா ஆடும்போது காப்பாத்த ஒண்ணும் கிடையாது.

பின்வரிசை:

எல்லாரும் டெக்னிக் பேசறீங்க, பாலிடிக்ஸ் பேச ஆளே இல்லையா? மத்தில்டா க்ஷெசின்ஸ்கா பேரு இன்னும் வரவே இல்ல, எனக்கு அதுதான் மெயின் பிக்சர் 🍿

தூரதேசி:

கேட்டுட்டீங்க, சொல்றேன். க்ஷெசின்ஸ்கா உள்ளூர் நட்சத்திரம். ரெண்டாம் நிகலஸ் பட்டத்து இளவரசரா இருந்தப்ப அவரோட காதலி, அப்புறம் கிராண்ட் டியூக்குகளோட (அரச குடும்பத்து ஆம்பளைங்க) ஆதரவு. லென்யானி வந்ததும் அவங்களுக்கு வயித்தெரிச்சல், ஆனா சும்மா உக்காந்து பொறாமைப்படல, செக்கெட்டிகிட்ட போய் இத்தாலி முறையையே படிச்சு, 32 சுத்துன முதல் ரஷ்யக்காரியும் ஆனாங்க. அதுக்கு மரியாதை குடுக்கணும்.

1896 மே, மாஸ்கோல நிகலஸ் முடிசூட்டு விழா, பெத்திபா முத்து பத்தி ஒரு பாலே அமைச்சார், வெள்ளை முத்து லென்யானி. ராஜாவோட பழைய காதலி அந்த விழாவுல ஆடக்கூடாதுன்னு க்ஷெசின்ஸ்காவை ஒதுக்கிட்டாங்க. விடுவாங்களா? கிராண்ட் டியூக் விளாடிமிர்கிட்ட போய் முறையிட, மேலிடத்து உத்தரவு வந்துது, ட்ரிகோ அவசரமா கூடுதல் மியூசிக் எழுத, மஞ்சள் முத்துன்னு ஒண்ணு புதுசா முளைச்சுது!

லென்யானிக்கு 'பிரிமா பாலரீனா அசொலுத்தா'ங்கற பட்டம் (பாலரீனாக்கள்ல எல்லாருக்கும் மேல) பீட்டர்ஸ்பர்க்லதான் கிடைச்சுது, அதை முதல்ல வாங்குனதும் அவங்கதான். அடுத்து வாங்குனது யாருன்னு நீங்களே யூகிச்சுக்கோங்க.

1901 ஜனவரி கடைசியில லென்யானியோட பிரிவு நிகழ்ச்சி, லா கமார்கோங்கற பாலே. அதுல 18ஆம் நூத்தாண்டு ட்ரெஸ், பாவாடைக்குள்ள வளையம் வச்சுத் தூக்கி நிறுத்தியிருக்கும். லென்யானி போட்டுக்கிட்டு ஆடிட்டுப் போயிட்டாங்க. அந்த வேஷம் க்ஷெசின்ஸ்காவுக்கு வந்துது, நான் குட்டை, வளையம் போட்டா அசிங்கமா இருக்கும், போட மாட்டேன்னாங்க. டைரக்டர் பிரின்ஸ் வோல்கோன்ஸ்கி போட்டே ஆகணும்னார். போடாமலே மேடை ஏறிட்டாங்க. அவர் அபராதம் போட்டார். க்ஷெசின்ஸ்கா நேரா சார் மன்னருக்குச் சொல்ல, அபராதம் ரத்து. வோல்கோன்ஸ்கி ராஜினாமா.

பின்வரிசை:

ஒரு பாவாடை வளையத்துக்கு டைரக்டர் வேலையே போச்சா 😂😂 சீரியல் தோத்துது.

வல்லையூரான்:

லென்யானி அம்மா இந்தச் சண்டையள் ஒண்டிலயும் வாய் திறந்த மாதிரித் தெரியேல்லையே. வந்தா, ஆடினா, போனா. பிறகு என்ன செய்தவ?

சுழலி:

1910 வாக்குல மேடையை விட்டாங்க அண்ணா. கோமோ ஏரிக்கரையில வீடு. லா ஸ்காலா ஸ்கூல்ல பரீட்சை நடத்துற குழுவுல பல வருஷம் இருந்தாங்க. 1930ல காலமானாங்க.

ஆனா அதுக்கு முன்னாடி 1898ல வந்த ரேமொண்டா பாலேவைச் சொல்லாம விட்டா இந்த இழையே வீண். கிளசுனோவ் மியூசிக், பெத்திபாவுக்கு எண்பதை நெருங்குற வயசு, லென்யானியை மனசுல வச்சே அமைச்ச பாத்திரம். மூணாவது ஆக்ட்ல ஹங்கேரி பாணியில ஒரு தனி ஆட்டம் வரும், பெரிய ஆர்கெஸ்ட்ரா வச்சுக்கிட்டு கிளசுனோவ் திடீர்னு எல்லாரையும் நிறுத்திட்டுப் பியானோவை முன்னாடி விடுவார். குதிக்கிறது கிடையாது, 32 கிடையாது. விரல் நுனியில சின்னச் சின்னதா அடி வச்சு நகந்துக்கிட்டே இருக்கணும், ஒரு கை தலைக்குப் பின்னால, முகத்துல மமதை, மெதுவா ஆரம்பிச்சுக் கடைசியில வேகம் ஏறும். கொஞ்ச நேரம்தான் வரும். முழுக்க மிலான் கால், முழுக்க ரஷ்யத் தோரணை. நாடகப்பித்தன் சார், அதைப் பாத்துட்டு வந்து வித்தைக்காரின்னு சொல்லுங்க.

நாடகப்பித்தன்:

பியானோ ஆட்டம் நல்லாத்தான் இருக்கும், மறுக்கல. லென்யானி மேல எனக்குத் தனிப்பட்ட பகை ஒண்ணும் கிடையாது. அவங்க விட்டுட்டுப் போன வழக்கம்தான் பிரச்சனை. அவங்க கால் அவங்களுக்கு, ஆனா இன்னிக்கு ஒவ்வொரு ஒடீலும் 32 சுத்தியே ஆகணும்னு கட்டாயம், 29ல நின்னா மறுநாள் நெட்ல கிழிக்கிறான். பின்னாடி வந்த ரஷ்ய பாலரீனா மாயா பிளிசெட்ஸ்கயா அதைத் தூக்கிப் போட்டுட்டு மேடையை வளைச்சு வேகமா சுத்தி வந்தாங்க, ஒடீல் ஒண்ணும் குறைஞ்சு போகல. அந்தத் தைரியம் மத்தவங்களுக்கு ஏன் வரல?

மணியோசை:

டிக்கெட் வாங்குறவன் எண்ணுறான் சார், அதான். அல்ஹாம்ப்ராவுல கிளாஸோட உக்காந்திருந்தவனும் எண்ணியிருப்பான்.

தூரதேசி:

பழைய அமைப்பு எப்படி இருந்துதுன்னு பாக்கணும்னா ஒரு வழி இருக்கு. அந்தக் காலத்துல ஸ்தெபானோவ் முறையில இந்த பாலேங்களைக் குறியீடா எழுதி வச்சாங்க, புரட்சிக்கு அப்புறம் நிகோலாய் செர்கேயேவ் அந்தக் கட்டை நாட்டை விட்டு எடுத்துட்டு வந்தார், இப்போ ஹார்வர்ட்ல இருக்கு. அதை வச்சு 2011ல விகாரெவ் ரேமொண்டாவை 1898ல இருந்த மாதிரி மறுபடி கட்டுனார், 2016ல ரத்மான்ஸ்கி ஸ்வான் லேக்கைக் கட்டுனார். முதல்து அரங்கேறுனது லா ஸ்காலாவுல, ரெண்டாவது சூரிச்சும் லா ஸ்காலாவும் சேந்து பண்ணது. பென்னோவும் திரும்பி வந்துட்டான், பின்வரிசை கவனிக்க.

பின்வரிசை:

பென்னோவுக்கு ஜே! ரேமொண்டா வீடியோ முழுசா எங்க கிடைக்கும்னு யாராவது சொல்லுங்கப்பா.

சுழலி:

லா ஸ்காலா ரேமொண்டா டிவிடியா வந்திருக்கு. நேரா மூணாவது ஆக்டுக்குத் தாவிடாதீங்க, முதல் ஆக்ட் கனவுக் காட்சியில இருந்து பாருங்க. நாடகப்பித்தன் சார் பாத்துட்டு வரட்டும், செக்கெட்டிக்குத் தனி இழை போடறேன், சண்டையை அங்க வச்சுக்கலாம்.